வாட் என்ற சொல்லின் தேய்வு: இந்திய வீடுகளுக்குச் சுற்றொலி வந்த வரலாறு

இந்திய வீடுகளின் சுவரில் உள்ள சிறிய பிளக் பாயிண்டின் தாங்குதிறன் 6 ஆம்பியர். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அந்தத் துளைகளின் வழியே அதற்கு மேற்பட்ட மின்திறன் தொடர்ந்து வர வழியில்லை. ஆயினும் 1990களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள், அதே பிளக் பாயிண்டில் சொருகப்பட்ட ஒலிப்பெட்டிகளின் அட்டையில் 2,000 வாட், 5,000 வாட் என்ற எண்கள் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. எண்ணை அடுத்து 'பி.எம்.பி.ஓ.' என்ற நான்கெழுத்து நின்றது. டெல்லி லஜ்பத்ராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, கொல்கத்தா சாந்தனி சந்தை, சென்னை ரிச்சி தெரு எனக் கடைவீதிகள் வேறாயினும் பெட்டியின் மொழி ஒன்றாகவே இருந்தது.

குறைந்த விலையில் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரைத் தேர்வு செய்வது எப்படி என்ற கேள்வி இன்றும் பல குடும்பங்களில் எழுகிறது. பல மாதச் சேமிப்பை ஒரே பொருளில் இடும் முடிவு அது. அந்த முடிவு ஏன் இவ்வளவு குழப்பமானது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அளவைக் குறித்த சொற்கள் இந்தியச் சந்தையில் மெல்லமெல்ல அளவைத் துறந்து வெறும் அடைமொழிகளாயின. 'வாட்', '5.1', 'ரிசீவர்' ஆகிய மூன்று சொற்களின் பயணத்தைத் தொடர்ந்தால் அது விளங்கும்.

முதலில் வாட். நீராவி எந்திரங்களை விற்ற ஜேம்ஸ் வாட், வாங்குவோருக்குப் புரியும் பொருட்டு எந்திரத்தின் திறனைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். குதிரைத்திறன் என்ற அளவு அவ்வாறு ஒரு விற்பனை உத்தியாகவே பரவியது. 1882இல் அவர் பெயரே மின்திறன் அலகுக்கு முன்மொழியப்பட்டது. அறிவியல் அதற்குத் தெளிவான வரையறை தந்தது. ஆம்ப்ளிஃபயர் விற்றவர்கள் அந்த வரையறையைத் தளர்த்தினார்கள்.

அமெரிக்காவில் 1960களில் ஸ்டீரியோ மோகம் உச்சத்தில் இருந்தபோது, ஒரே ஆம்ப்ளிஃபயருக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான கணக்கில் வாட் சொல்லியது. ஒரு நொடியின் சிறு துணுக்கில் எட்டும் உச்சத்தைச் சொன்னவர் உண்டு. காதுக்கு ஒவ்வாத அளவு ஒலி சிதைந்த பின் கிடைக்கும் எண்ணைச் சொன்னவரும் உண்டு. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் ஒரு விதி வகுத்து இதற்கு அணை போட்டது. வாட் என்று விளம்பரம் செய்தால், எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த அதிர்வெண் முதல் எந்த அதிர்வெண் வரை, எத்தனை விழுக்காடு சிதைவோடு என்பதையும் உடன் சொல்ல வேண்டும் என்றது. எண் தனித்து நிற்கக் கூடாது, அது ஒரு முழு வாக்கியத்தின் பகுதியாக வர வேண்டும் என்பதே அந்த விதியின் சாரம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024இல், ஆணையம் அவ்விதியைத் திருத்தி அளவிடும் நிலைகளையும் ஒருமுகப்படுத்தியது: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், ஒரு விழுக்காட்டுக்குக் குறைவான சிதைவு.

1974இல் இந்தியச் சந்தையின் கவலை வேறாக இருந்தது. வாங்குவதற்குப் பொருளே அரிது. 'ரிசீவர்' என்ற சொல் அன்றைய இந்தியருக்கு முதலில் நினைவூட்டியது உரிமத்தை. வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய அட்டையின் பெயரே 'பிராட்காஸ்ட் ரிசீவர் லைசென்ஸ்'. 1980களின் நடுப்பகுதி வரை அந்த முறை நீடித்தது. தொலைபேசியில் காதில் வைக்கும் பாகமும் ரிசீவர்தான். வழக்கில் உள்ள சொத்தை மேற்பார்க்க நீதிமன்றம் அமர்த்துபவரும் ரிசீவர்தான்.

ஒலித்துறையில் அச்சொல்லின் வரலாறு எளியது. வானொலி அலைகளைப் பிடிக்கும் டியூனரும், ஒலியைக் கட்டுப்படுத்தும் பகுதியும், ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் மேலை நாடுகளில் தனித்தனிப் பெட்டிகளாக விற்கப்பட்டன. மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தபோது, வானொலியைப் 'பெறுவது' என்ற பொருளில் அது ரிசீவர் ஆயிற்று. பின்னர் வீடியோ இணைப்புகளும் சுற்றொலியைப் பிரித்துத் தரும் டிகோடரும் அதனுள் குடியேறின. இன்று அதன் டியூனரைத் தொடாதவர்களே மிகுதி. பெயர் மட்டும் மாறவில்லை. வாழ்ந்தவர் போன பிறகும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றது அது.

இறக்குமதி அரிதாயிருந்த அக்காலத்தில் கொல்கத்தாவில் 1970இல் தொடங்கப்பட்ட சோனோடைன் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் சில, தரமான ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் செய்தன. அவற்றை வாங்க இயலாதவர்களுக்கு 'அசெம்பிள் செட்' இருந்தது. 2என்3055 டிரான்சிஸ்டர்கள், பின்னர் எஸ்.டி.கே. வரிசை ஐ.சி.கள், அதன் பின் டி.டி.ஏ.2030 போன்ற சிறு ஐ.சி.கள் எனப் பாகங்களை வாங்கி, மரப்பெட்டியில் அடைத்துத் தந்த கைவினைஞர்கள் நாடெங்கும் இருந்தார்கள். இந்தியாவின் பெரும்பகுதிக்குப் பெரிய ஒலியை முதலில் அறிமுகம் செய்தவர்கள் அவர்களே.

அவர்களுடைய தொழில்மொழியில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த செட்டையும் அவர்கள் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே மதிப்பிட்டார்கள். '12-0-12, 3 ஆம்பியர்' என்றால் 24 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்க வேண்டும். 72 வாட் அளவுக்கு மேல் அந்தச் செட்டுக்குள் எதுவும் தொடர்ந்து நுழையாது. டி.டி.ஏ.2030 ஒன்று ஏறத்தாழ 14 வாட் தரவல்லது. ஆறு தடங்களுக்கு ஆறு ஐ.சி. பொருத்தினால் தாளில் 84 வாட் வரும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் தருவதே 72. அதிலும் கணிசமான பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆறு தடங்களுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறத்தாழ 40 வாட். இதே அமைப்பு வண்ண அட்டைப்பெட்டிக்குள் புகுந்து கடைக்கு வந்தபோது வாட் ஆயிரங்களில் எண்ணப்பட்டது. பட்டறையில் அளவாக இருந்த சொல் காட்சிக்கூடத்தில் அலங்காரமாயிற்று.

பி.எம்.பி.ஓ. என்பது 'பீக் மியூசிக் பவர் அவுட்புட்' என்பதன் சுருக்கம். மின்தேக்கிகளில் சேமித்த ஆற்றல் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளிப்படுவதைக் குறிப்பதாக அது சொல்லிக்கொண்டது. எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சிதைவோடு, எந்த முறையில் அளப்பது என்பதற்கு ஏற்கப்பட்ட வரையறை எதுவும் அதற்கு இல்லை. வரையறை இல்லாத அலகு மொழியியல் நோக்கில் அலகே அன்று. அது ஒரு மிகைச்சொல். 'ஐயாயிரம் வாட்' என்ற தொடர் 'மிகப் பெரிய சத்தம்' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

இரண்டாவது சொல் 5.1. ஒலியைப் பார்வையாளரைச் சுற்றிப் பரப்பும் எண்ணம் பழையது. ஆலன் புளூம்லைன் 1931இல் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940இல் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' படத்துக்கென அமைக்கப்பட்ட ஒலிமுறை, அரங்கின் பல புறங்களிலிருந்து இசையைக் கேட்கச் செய்தது. 1953இல் வந்த 'தி ரோப்' படத்தின் சினிமாஸ்கோப் முறையில் முன்னால் மூன்று தடங்களும் அரங்கினுள் ஒரு தடமும் இருந்தன.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. ரே டால்பி 1963 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றினார். சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தோடு தொடர்புடைய பணி அது. இங்கிருந்து சென்று 1965இல் லண்டனில் அவர் தொடங்கிய ஆய்வகத்தின் பெயரே பின்னாளில் திரையரங்க வாசல்களிலெல்லாம் ஒளிர்ந்தது. நான்கு தடங்களை இரண்டு தடங்களுக்குள் மடித்து வைக்கும் டால்பி ஸ்டீரியோ முறை 1970களின் நடுவில் திரைக்கு வந்தது; 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' அதைப் பரப்பியது. மடித்ததை வீட்டில் விரிக்கும் டிகோடர் 1982இல் வந்தது. அதன் மேம்பட்ட வடிவமான புரோ லாஜிக் 1987இல் வந்தது. வீட்டு ரிசீவர் சுற்றொலிக் கருவியாக மாறியது இந்தப் படிகளில்தான்.

5.1 என்ற எண்ணை 1987 அளவில் முன்மொழிந்தவர் டாம்லின்சன் ஹோல்மன். இடம், நடு, வலம், பின் இடம், பின் வலம் என ஐந்து முழுத் தடங்கள். வெடிச்சத்தம், இடிமுழக்கம் போன்ற தாழொலிக்கு மட்டும் ஒரு குறுந்தடம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குறுந்தடமோ 120 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். 120ஐ 20,000ஆல் வகுத்தால் 0.006. சொல்வதற்கு எளிதாக அது .1 ஆயிற்று. ஆகவே 5.1 என்பது எத்தனை தனித்தனி ஒலிகள் பதிவாகியுள்ளன என்பதன் கணக்கு. அறையில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்பதன் கணக்கன்று. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலிலும், 1993இல் 'ஜுராசிக் பார்க்' டி.டி.எஸ்.ஸிலும் வந்தபோது அந்தக் கணக்குத் திரையரங்கில் நிலைபெற்றது.

இந்தியத் திரையரங்குகள் இதற்கு அன்னியமானவை அல்ல. 1975இல் 'ஷோலே' 70 மி.மீ. படச்சுருளில் ஸ்டீரியோ ஒலியோடு ஓடியது. 1994இல் இந்தியில் '1942: எ லவ் ஸ்டோரி', 1995இல் தமிழில் 'குருதிப்புனல்' ஆகியவை டால்பி ஒலியோடு வந்தன. தொண்ணூறுகளின் முடிவில் சுவரொட்டியில் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து நடிகரின் பெயருக்கு நிகராகக் கூட்டம் சேர்த்தது. அந்த அனுபவத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை பிறந்தது. 2001 ஏப்ரல் 1 முதல் நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் ஏறக்குறைய முழுவதும் விலகின. கடைகள் ஹோம் தியேட்டர் பெட்டிகளால் நிறைந்தன.

ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு ஊட்டப்பட்டது எது? 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்திய நடுத்தர வீடுகளில் ஓடியது வி.சி.டி. அதில் ஒலித்தடங்கள் இரண்டே. எம்.பி.3 பாடல்களிலும் இரண்டே. ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட பெட்டி, இருந்த இரண்டையே ஐந்தாகப் பிரதி எடுத்து ஒலித்தது. முதுகுப்புறத்திலிருந்தும் பாடகரின் குரல் வந்தது. அதுவே சுற்றொலி என்று நம்பப்பட்டது. கடைகளில் 4.1 என்ற புதிய எண்ணும் பிறந்தது. திரைப்பட ஒலிப்பதிவில் அப்படியொரு பொதுவழக்கு இல்லை. நான்கு பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் இருந்ததால் 4.1. தடத்தை எண்ணிய எண் பெட்டியை எண்ணத் தொடங்கியது அந்தக் கட்டத்தில்தான்.

2007இல் மோசர் பேயர் நிறுவனம் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. டி.வி.டி. 5.1 தடங்களைத் தாங்கக்கூடியது. உண்மையான சுற்றொலி எளியோரின் கைக்கு எட்டும் தொலைவில் வந்தது. எனினும் அதை உணர, வட்டில் ஆறு தடங்கள் பதிவாகியிருக்க வேண்டும். பிளேயரிலிருந்து அவை இரண்டாகச் சுருங்காமல் வெளிவர வேண்டும். பெட்டியில் டிகோடரோ ஆறு தனி உள்ளீடுகளோ இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியை விளக்கும் சொல் எதுவும் அட்டைப்பெட்டியில் அச்சாகவில்லை.

அரசு இதில் தலையிட்ட விதம் கவனத்துக்குரியது. பொட்டலப் பொருள்களுக்கான இந்தியச் சட்டங்கள் அதிகபட்ச சில்லறை விலையையும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரையும் அச்சிடக் கோருகின்றன. வாட் என்பதை எப்படி அளந்தீர்கள் என்று அவை கேட்பதில்லை. 2012இல் மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை வந்தது. மின்னணு இசை அமைப்புகளுக்கு 200 வாட், ஆம்ப்ளிஃபயர்களுக்கு 2,000 வாட் என்று அது எல்லை வகுத்தது. ஆனால் அந்த வாட்கள் 'உள்ளீட்டுத் திறன்', அதாவது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம். ஆணையின் நோக்கம் பாதுகாப்பு. ஒலியின் தரம் அன்று. எனினும், எண்ணைப் பிடித்தே தீர வேண்டிய கட்டாயம் வந்தபோது அரசின் மொழியும் பட்டறைக் கைவினைஞரின் மொழியும் ஒன்றுபட்டன. இருவரும் நம்பியது உள்ளே செல்வதையே. வெளியே வருவதாகச் சொல்லப்பட்டதை அன்று.

இந்தப் பின்னணியில் இன்றைய தொடக்கநிலை ரிசீவர் ஒன்றின் விவரத்தாளை வாசிப்பது பயனுள்ளது. யமஹாவின் ஆர்.எக்ஸ்.-வி385 என்ற 5.1 ரிசீவருக்கு நிறுவனமே மூன்று எண்கள் தருகிறது. இரண்டு தடங்களை ஒருசேர இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.09 விழுக்காடு சிதைவில் 70 வாட். ஒரே தடத்தை இயக்கி, 1,000 ஹெர்ட்ஸில் மட்டும், 0.9 விழுக்காடு சிதைவில் 100 வாட். அதே ஒற்றைத் தடத்தில் 10 விழுக்காடு சிதைவை ஏற்றுக்கொண்டால் 135 வாட். மூன்றும் 6 ஓம் ஸ்பீக்கருக்கு. மூன்றும் பொய்யல்ல, ஏனெனில் ஒவ்வொன்றும் தன் நிபந்தனைகளோடு முழு வாக்கியமாக வருகிறது. பொய் பிறப்பது, ஒரு கடைக்காரர் 135ஐ மட்டும் உரித்தெடுத்து ஐந்தால் பெருக்கும்போது. வேறு ரிசீவரோடு ஒப்பிட விரும்புவோர் முதல் வகை எண்ணை முதல் வகை எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். நிபந்தனை சொல்லாத எண்ணைப் புறக்கணிப்பதே நலம்.

70 வாட் போதுமா என்ற ஐயம் ஆயிரங்களில் பழகிய காதுக்கு எழுவது இயல்பு. திறன் இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபெல்தான் கூடும். இருமடங்கு சத்தம் என்று செவி உணர ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. எனவே 70க்கும் 100க்கும் இடையே செவி காணும் வேறுபாடு மிகச் சிறிது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அன்றாடம் படம் பார்க்கையில் ஒரு தடத்துக்குச் சராசரியாகச் செலவாவது ஓரிரு வாட்டே. மிச்சம் வெடிச்சத்தக் கணங்களுக்கான கையிருப்பு. 3 டெசிபெல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்குவது ரிசீவரின் திறனை இருமடங்காக்குவதற்குச் சமம். பணத்தை எங்கே இட வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு விடை தருகிறது.

தடங்களின் கணக்கும் இன்று இடம் மாறியுள்ளது. 2016இல் நெட்ஃபிளிக்ஸும் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்த பின், ஆறு தடங்கள் வட்டில் வராமல் இணையத்தில் வருகின்றன. அவை பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகின்றன. பழைய ஆப்டிகல் கம்பி அந்த வடிவைத் தாங்காது. எச்.டி.எம்.ஐ. தாங்கும், தொலைக்காட்சியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி 2009 முதல் அதில் உண்டு. ஆகவே எச்.டி.எம்.ஐ. இல்லாத '5.1' பெட்டி, வி.சி.டி. காலத்து நாடகத்தைப் புதிய மேடையில் மீண்டும் நடத்தக்கூடும்.

மூன்றாவது சொல்லான ரிசீவர், தன் பழைய பெயருக்குப் பின்னால் ஓர் உண்மையான வேறுபாட்டை இன்னும் காக்கிறது. ஹோம் தியேட்டர் பெட்டி ஒரே தொகுப்பு. பல தொகுப்புகளில் ஸ்பீக்கரின் பிளக்கூட அந்த நிறுவனத்துக்கே உரியது. ஒன்று பழுதானால் மற்றவை அனாதை. ரிசீவரின் முதுகில் இருப்பவை பொதுவான ஸ்பீக்கர் முனைகள். எந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரையும், ரிசீவர் ஏற்கும் ஓம் அளவு இருந்தால், இணைக்கலாம். முதல் ஆண்டில் முன்னிரண்டு, அடுத்த ஆண்டில் நடுவும் சப்வூஃபரும், பின்னர் பின்னிரண்டு என வருவாய்க்கேற்ப வளர்க்கலாம். நடு ஸ்பீக்கர் இல்லையென்று அமைப்பில் குறித்துவிட்டால், வசனத்தை ரிசீவர் முன்னிரண்டுக்கும் பகிர்ந்துவிடும். பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த அசெம்பிள் செட்டின் வழித்தோன்றல் உண்மையில் ரிசீவரே.

அட்டைப்பெட்டியின் முன்புறம் விற்பவரின் மொழி. பின்பக்கத் தகடும் விவரத்தாளும் பொறியாளரின் மொழி. தகட்டில் 60 வாட் நுகர்வு என்று எழுதிய கருவி 5,000 வாட் ஒலி தராது. அந்த எண் துல்லியமான உச்சவரம்பு இல்லையென்றாலும், அறுபதுக்கும் ஐயாயிரத்துக்கும் உள்ள தூரத்தை எந்த அளவீட்டு முறையும் நிரப்பாது. இதை அறிய மின்னியல் பட்டம் தேவையில்லை. வீட்டு பிளக் பாயிண்ட் 1,380க்கு மேல் தராது என்ற ஒரு பெருக்கல் போதும். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு நாட்டில் ஒரு விதி செய்த வேலையை, இந்தியக் கடைவீதியில் அந்தத் திருப்பிப் பார்த்தலே செய்ய வேண்டியிருக்கிறது.